வழியனுப்ப வருபவர்களுக்கும் ஓர் இடம்

மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று எங்கள் நகரத்தில் ஒரு புறப்பாட்டுக் கூடம் வரப்போகிறது, அதில் ஒரு பங்கு வேலை நமக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்ன அன்று, எங்கள் முதலாளியான சார் அலுவலகத்தில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நிற்கும் ஒரு லாட்ஜின் மேல்மாடியில்தான் எங்கள் கட்டிடக்கலை அலுவலகம். அதுவரை நாங்கள் வரைந்தவை கல்யாண மண்டபங்களும் ஆஸ்பத்திரிகளுக்கு ஒட்டுக் கட்டிடங்களும் கல்ஃபிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளும்தான். விமான நிலையம் என்பது எங்களுக்குப் பெரிய ஏற்றம்.

முக்கிய வடிவமைப்பைப் பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனம் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது. வேறு எங்கெங்கோ கட்டிய மலிவு முனையங்களின் அச்சில் வார்த்த படம் அது. அதை எங்கள் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் விதிகளுக்கும் பொருத்தி, விவரப் படங்கள் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. சார் அதை என்னிடம் ஒப்படைத்தார்.

படத்தில் ஆள் அளவு தெரிவதற்காக அங்கங்கே சாம்பல் நிறத்தில் மனித உருவங்களை நிறுத்துவது வழக்கம். அந்தப் படத்தில் நின்ற ஒவ்வொருவரும் தனியாக வந்தவர்கள். ஒரு கையில் சின்னச் சக்கரப் பெட்டி, இன்னொரு கையில் போன். காரிலிருந்து இறங்குகிறார்கள், வாசலில் டிக்கெட்டைக் காட்டுகிறார்கள், உள்ளே போகிறார்கள். வாசலுக்கு வெளியே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு ஒரு நடைபாதை. முகப்புச் சுவர் முழுவதும் விளம்பரப் பலகைகள். ஒரு ஜன்னல்கூட இல்லை.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் தம்பி முதல் தடவை கல்ஃபுக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

எங்கள் சொந்த ஊர் பாறசாலைக்குத் தெற்கே, மாநில எல்லையை ஒட்டி. வெல்டிங் வேலை கிடைத்து அவன் கிளம்பிய அன்று ஒரு வேன் பிடித்து அத்தைகள், சித்தப்பாக்கள், சபைப் போதகர், அவருடைய மனைவி என்று எல்லோரும் வந்தோம். வராமல் இருந்தால்தான் பேச்சாகியிருக்கும். விமான நிலையத்து வாசலில் போதகர் அவன் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். எங்களைச் சுற்றிப் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு திரும்பி வாசலுக்கு வந்து நின்றான். எடை கூடிவிட்டது. வீட்டில் பழைய பேப்பர்க் கடைத் தராசில் எடை பார்த்துக் கட்டிய பெட்டி அது. காவலர் நல்ல மனிதர், ஓரமாக வைத்துத் திறந்துகொள்ளச் சொன்னார்.

தரையில் பெட்டி மல்லாந்து திறந்தது. மீன் ஊறுகாயும் நேந்திரங்காய் உப்பேரியும் மேலே இருந்தன. எடையைக் குறைக்க எதை எடுப்பது என்று தேடியபோது அவனுடைய உள்ளாடைகளும், டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பும், தலைமுடிக்கு அவன் யாருக்கும் தெரியாமல் வாங்கியிருந்த சாயமும் வெளியே வந்தன. அம்மா சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"நீ இந்தப் பக்கம் மறச்சு நில்லு மக்ளே, எல்லாரும் பாக்காவ" என்றாள் என்னிடம்.

நானும் துப்பட்டாவை விரித்தேன். தம்பி முகத்தை நிமிர்த்தவே இல்லை. முதல் முதலாகக் கடல் தாண்டிப் போகிறவன், எங்களைச் சரியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், பெட்டியை மூடி இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். அம்மா ஊர் வந்து சேரும்வரை பெட்டியிலிருந்து எடுத்ததை மடியிலேயே வைத்திருந்தாள்.

பெங்களூர்ப் படத்தில் அம்மா உட்கார இடமே இல்லை. இந்தப் படத்தை இப்படியே விடப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சார் மலையாளத்தில்தான் பேசுவார். நான் பாதி அதிலும் பாதி தமிழிலுமாகப் பதில் சொல்வேன். இருபது வருஷமாகக் கட்டிடம் வரைகிறவர், கெட்டிக்காரர், வீண் பேச்சுக்கு இடம் கொடுக்கமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது பட்ஜெட் டெர்மினலாக்கும், கேட்டோ? நாம கூட்டுகிற ஒவ்வொரு அடியும் டிக்கெட் விலையில்தான் போய் ஏறும். ஏறினால் உன் தம்பி மாதிரி ஆளுகளுக்குத்தான் நஷ்டம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஆள் வராதுன்னு படம் போட்டா ஆள் வராம இருக்குமா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"அதைக் காட்டு. உணர்ச்சியைக் காட்டாதே. கட்டிடத்துக்குள்ளே ஓட்டம் நின்று போகிற இடம் எது, அதைக் காட்டு" என்றார்.

அதன்பிறகு கொஞ்ச காலம், சாயங்காலங்களிலும் சனிக்கிழமைகளிலும் விமான நிலையத்து வாசலுக்குப் போய் நின்றேன். யாரையும் பேட்டி எடுக்கவில்லை. சும்மா வழியனுப்ப வந்தவள் மாதிரி நின்றேன், சில நாள் காசு கொடுத்துப் பார்வையாளர் சீட்டு எடுத்து உள்ளேயும் போனேன். போன முதல் வாரமே எனக்கு ஒன்று விளங்கியது. மனிதர்கள் வரிசையில் நிற்பதும் உட்காருவதும் விடைபெறுவதும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருகிற பழக்கம். கட்டிடம் அதை மாற்றுவதில்லை, இடைஞ்சல்தான் செய்யும்.

வைத்தியத்துக்காக மாலத்தீவிலிருந்து வந்து திரும்பும் குடும்பங்கள் எங்கள் நகரத்தில் சர்வ சாதாரணம். பெண்கள் கூட்டமாக வருவார்கள், நடுவில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியம்மா இருப்பார். அவர்களுக்கு வட்டமாக உட்கார வேண்டும். ஒரே பக்கம் பார்த்து வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அது முடியாது. அதனால் நாற்காலிகளை விட்டுவிட்டு, பெரியம்மாவைச் சுற்றி நடைவழியில் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போவார்கள். வங்காளத்துக்கும் ஒடிசாவுக்கும் போகிற கட்டிடத் தொழிலாளிகள் பத்துப் பேராகச் சேர்ந்து வருவார்கள். ஆனால் டிக்கெட் எல்லாம் ஒருவன் போனில் இருக்கும். அவன் வாசலில் நிற்கும்போது மற்றவர்களும் அவனை ஒட்டியே நிற்பார்கள். ஒற்றை ஆளாக வரச்சொல்லி எவ்வளவு கயிறு கட்டினாலும் அவர்கள் கொத்தாகத்தான் வருவார்கள், ஏனென்றால் பிரிந்தால் தொலைந்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு நிஜமானது.

ஒருநாள் வழிபாட்டுக்கு முன்னால் கால் கழுவவேண்டிய ஒரு பெரியவர், கழிப்பறையில் முகம் கழுவும் தொட்டியில் ஒரு காலைத் தூக்கிவைத்துத் தடுமாறினாராம். பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துக்கொண்டாராம். தரையெல்லாம் தண்ணீர். துடைக்க வந்த பெண்ணிடம் அவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டதாக, கூடப்போன அவர் மகன் வெளியே வந்து சங்கடப்பட்டுச் சொன்னான். தாழ்வாக ஒரு குழாயும் கீழே ஒரு வடிகாலும் இருந்திருந்தால் அந்த மனிதர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்திருக்காது.

பெட்டி திறக்கிற காட்சியை மட்டும் நான் எத்தனையோ தடவை பார்த்தேன். எடை கூடியவர் கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்தால் பின்னால் உள்ள வரிசை அப்படியே நின்றுவிடும். எடுத்ததை வெளியே நிற்கும் வீட்டாரிடம் கொடுக்க அவர் திரும்பி வாசலுக்கு வந்தால் அங்கே உள்ள வரிசையும் நின்றுவிடும். சார் கேட்ட, ஓட்டம் நின்று போகிற இடம் அதுதான்.

நான் புதிய படம் போட்டேன். வாசலுக்கு வெளியே கூரையை இழுத்து, கூட்டம் நிற்க ஒரு முற்றம். அங்கே பெட்டி எடை பார்க்கும் மேடை. அதன் பக்கத்தில், பெட்டியைத் திறந்து அடுக்க, இடுப்புயரத்தில் மூன்று பக்கமும் மறைப்புள்ள மேசைகள். விளம்பரச் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி, கவுண்டர் வரைக்கும் பார்வை போகிற மாதிரி. உள்ளே எதிரெதிராகப் போட்ட இருக்கைகள். கழிப்பறைக்கு வெளியே கால் கழுவும் குழாய். மலையாளம், ஹிந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் பலகைகள். எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற அத்தனை பேருக்கும் பக்கத்து விமான நிலையம் இதுதான்.

விமான நிலையத்தின் சார்பில் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் ஒரு பெண்மணி. கண்ணூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். கூட்டத்தில் என் படத்தின் விளக்கத்தை முழுதாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"இவர்கள் இப்படி உட்காருவார்கள், அவர்கள் இப்படிக் கழுவுவார்கள் என்கிறீர்கள். ஜாதியும் மதமும் பார்த்துக் கட்டிடம் போடுகிற மாதிரி இல்லையா இது?"

சார் என்னைப் பார்த்தார். ஆனால் அது நான் எனக்குள்ளே ஏற்கெனவே கேட்டுக்கொண்ட கேள்வி.

"எந்த இடத்திலும் இது யாருக்கு என்று எழுதப்போவதில்லை மேடம்" என்றேன். "குழாய் குழாய்தான். வேண்டியவர்கள் கழுவிக்கொள்வார்கள். இப்போது உள்ள படமும் ஒரு பழக்கத்துக்குப் போட்டதுதான். தனியாக வந்து, சின்னப் பெட்டி வைத்திருந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறவருடைய பழக்கம். அது எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிட்டோம்."

மேடம் மறுத்துப் பேசவில்லை. ஆனால் விளம்பர வருமானத்தை விடமுடியாது, கூரைக்குக் கூடுதல் பணம் இல்லை, பெங்களூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்றார். கூட்டம் முடிந்தது. படியிறங்கும்போது சார், "விட்டுடு மோளே. சொன்னாயல்லே, அது போதும்" என்றார்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாங்க சார். நான் அதை ஆள் அளவில் நடத்திக் காட்டறேன். மேடத்தையும் கூப்பிடுங்க."

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்கே?" என்று கேட்டார்.

எங்கள் சபைக்கு நகரத்தில் ஒரு கூட்ட அறை உண்டு. ஆராதனைக்குப் பிறகு கல்யாணச் சாப்பாடு போடும் பெரிய கூடம். கமிட்டிப் பெரியவர்களிடம் போய், அங்கே விமான நிலையம் நடத்தவேண்டும் என்று கேட்டேன். அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் ஒருவர், "கூட்டிப் பெருக்கிக் குடுத்துருவியா?" என்று மட்டும் கேட்டார். பெருக்கித் தருகிறேன் என்றேன்.

ஸ்ரீவராகத்தில் நான் குடியிருந்த மாடிவீட்டின் சொந்தக்காரர்கள் மாமாவும் மாமியும். பூனாவில் இருக்கும் மகளிடம் வருஷத்துக்கு ஒருதரம் மலிவு விமானத்தில் போய்வருகிறவர்கள். அவர்களைக் கூப்பிட்டேன்.

"சர்ச்சிலயா?" என்று மாமா இழுத்தார்.

"ஹாலுதானே, போனா என்ன? நம்ம கஷ்டத்தைக் கேக்க ஆரோ ஒருத்தியாவது வந்தாளே" என்று மாமி முடித்துவிட்டாள். "அந்தத் தட்டு சமாசாரத்தை நான் சொல்லியே ஆகணுமாக்கும்."

பிறகு ஒரு மீனவக் குடும்பம். தூத்தூர்ப் பக்கத்துக்காரர்கள், தமிழ் பேசுகிறவர்கள். வீட்டுத் தலைவர் இறந்துபோய், இளைய மகன் கல்ஃபில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போக இருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அவன் அம்மாவை அந்த வாரம் விமான நிலைய வாசலில் வைத்துத்தான் சந்தித்தேன். மூத்த மகனை அனுப்ப வந்திருந்தார். இளையவன் அடுத்த வாரம் போகிறான் என்றார். இப்படி ஒரு ஒத்திகை, வருவீர்களா என்று கேட்டேன். "பெட்டி கெட்டியாச்சு. கொண்டுட்டே வாறோம்" என்றார். சொன்னபடியே சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, நிஜப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பெங்களூர்ப் படத்தை ஆள் அளவில் வரைந்திருந்தேன். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கயிறு கட்டி, சபையின் பழைய மேடைத் திரைகளைத் தொங்கவிட்டேன். கவுண்டருக்குச் சாப்பாட்டு மேசை. எடைக்குச் சாக்குக்கடையில் வாடகைக்கு எடுத்த பிளாட்பாரத் தராசு. சார் வந்தார். மேடமும் வந்தார், ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் தடவை பெங்களூர்ப் படப்படி. ஒருவருக்கும் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. விமானம் ஏறப் போகிறீர்கள், அவ்வளவுதான் என்றேன். மீனவக் குடும்பம் வந்து நின்றதும் நடைபாதைக் கோட்டுக்குள் பாதிப் பேர்கூட அடங்கவில்லை. மீதிப் பேர் கார் வரும் பாதையில் நின்றார்கள். மாமாவும் மாமியும் அவர்களைத் தாண்டி வாசலுக்கு வரமுடியவில்லை. பையன் உள்ளே போய்ப் பெட்டியை மேசையில் வைத்தான். எடை கூடியிருந்தது. அது நடிப்பில்லை, நிஜமாகவே கூடியிருந்தது. பெட்டியைத் தரையில் திறந்தான். மாமா பின்னால் நின்றார், மாமி அவருக்குப் பின்னால், அதற்குப் பின்னால் எங்கள் சபை இளைஞர்கள். எல்லாம் நின்றுவிட்டது.

பாதுகாப்புச் சோதனைக்கு என்று நான் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தேன். வரிசை மறுபடி நகர்ந்ததும் மாமி செருப்பையும் சாப்பாட்டுப் பையையும் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் அசையாமல் நின்றாள்.

"செருப்பு வெச்ச தட்டில பிரசாதமும் சாதமும் நான் வைக்கமாட்டேன். ஒவ்வொரு தடவையும் இதே சண்டைதான். அந்தப் பொண்ணு பாவம், வேகம் வேகம்ங்கறா. நானும் பாவம்தான்."

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

இரண்டாவது தடவை என் படப்படி. திரைகளைக் கழற்றிவிட்டு வெறும் கயிற்றைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டோம். வெளியே முற்றத்தில் தராசும் இரண்டு பெஞ்சுகளை அடுக்கிச் செய்த மேசையும். சுற்றி அந்தத் திரைகளையே மறைப்பாகக் கட்டினேன். பெட்டி வெளியிலேயே எடை பார்க்கப்பட்டது. அம்மாவும் மகனும் மறைப்புக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டுக் கருவாடும் ஒரு ஜோடி ஷூவும் சித்தியின் கைக்கு வந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் கடந்து மாமா மாமி நேராக உள்ளே போனார்கள். செருப்புக்குத் தனியாக ஒரு மரத்தட்டு வைத்திருந்தேன். மாமி ஒன்றும் பேசாமல் செருப்பை அதில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். வரிசை நிற்கவில்லை.

பையன் உள்ளே போனான். அவன் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார். அவன் கவுண்டரில் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். அவ்வளவுதான், அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. சொந்தக்காரப் பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். பையன் உள்ளே போவதா திரும்பி வருவதா என்று தெரியாமல் நின்றான்.

மேடம் எழுந்து அந்த அம்மாவிடம் போனார். மலையாளத்தில், மெதுவாக, "இது ஒத்திகைதானே அம்மா?" என்றார்.

"தெரியும் பிள்ளே. அன்னைக்கு அழதுக்கு நேரம் கெடைக்குமோ என்னவோ. மூத்தவன் போனப்பம் அவனுக்க முதுகத்தான் பாத்தேன். இப்பம் மொகத்தப் பாத்துட்டேன்லா."

மேடத்துக்கு அந்தத் தமிழ் முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவருடைய அப்பாவும் கல்ஃபில் இருந்தவர் என்பதைப் பிறகு டீ குடிக்கும்போது சொன்னார். சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் ஜீப்பில் போய் வழியனுப்பியதாகவும், எந்த வாசலில் அவர் உள்ளே மறைந்தார் என்று ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். உடனே வேலைக்கு வந்துவிட்டார்.

"விளம்பரத்தை என்னால் விடமுடியாது. வேறு வழி யோசியுங்கள்."

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. முடியாது என்று சொல்லவில்லை, யோசி என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து சார் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். விளம்பரப் பலகைகளைத் தலைக்கு மேலே தூக்கினோம். முழங்காலிலிருந்து தலை உயரம்வரை கண்ணாடி. அப்படிச் செய்தபோது பலகைகள் சாலையிலிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்தன, விளம்பரக்காரர்களுக்கு மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. கூரைக்குப் பணம் இல்லை என்றார்கள். உள்ளே இருந்த ஒரு கடையின் இடத்தைக் குறைத்து, சுவரையே உள்பக்கம் தள்ளினோம். கூரையை நீட்டாமலேயே அதன் அடியில் முற்றம் கிடைத்தது. அந்த யோசனை சாருடையது. "நீ ஆளைப் பார்க்கிறாய், நான் தூணைப் பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

பெங்களூர்க்காரர்கள் காணொளிக் கூட்டத்தில் வந்தார்கள். இளைஞர் ஒருவர் மரியாதையாக, பட்ஜெட் முனையத்தின் தத்துவமே தேவையில்லாததை வெட்டுவதுதான் என்றார். "யாருக்குத் தேவையில்லாதது?" என்று மேடம் கேட்டார். நான் எதுவும் பேசவேண்டியிருக்கவில்லை. வரிசை எங்கே எப்படி நின்றது என்பதை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. எதிரெதிர் இருக்கைகளுக்கு ஒரு மூலை மட்டும் ஒதுக்கினார்கள். தமிழ்ப் பலகையை விதிகளைக் காட்டி மறுத்தார்கள். நான் மூன்று கடிதங்கள் எழுதினேன், மூன்றுக்கும் ஒரே பதில். பிறகு விதிகள் வழிகாட்டும் பலகைகளுக்குத்தான், கருவிகளின் மேல் எழுதும் குறிப்புக்கு இல்லை என்று கண்டுபிடித்தேன். எடை மேடையின் மேல், மற்ற மொழிகளுக்குக் கீழே, 'பெட்டியை இங்கே வைத்து எடை பாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி ஏறியது. ஒரே ஒரு வரி. அதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

புறப்பாட்டுக் கூடம் திறந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் நான் தனியாகப் போனேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. முற்றத்தில் நின்று பார்த்தேன்.

நான் நினைத்தபடி நடந்தவையும் இருந்தன, நினைக்காதவையும் இருந்தன. கால் கழுவும் குழாயில் மாலையணிந்து வெறுங்காலோடு வந்த ஐயப்ப பக்தர்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் ஒரு அம்மா குழந்தையின் காலைக் கழுவிவிட்டார். எதிரெதிர் இருக்கைகளில் மாலத்தீவுக் குடும்பம் எதுவும் இல்லை, கட்டிடத் தொழிலாளிகள் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். போன் வைத்திருந்தவன் மட்டும் விழித்திருந்தான். கண்ணாடியை ஒட்டி ஒரு பெரிய குடும்பம் நின்றது. உள்ளே போன பெண் நர்ஸ் வேலைக்குப் போகிறவள் போல. கவுண்டரிலிருந்து திரும்பி, கழுத்துச் சங்கிலியைத் தொட்டு ஏதோ சைகை காட்டினாள். வெளியே நின்ற தாய்க்கு அது புரிந்தது, தலையாட்டினாள். என்ன சைகை என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்குள் உள்ளது அது.

அப்போதுதான் மேசைப் பக்கம் திரும்பினேன். மறைப்புக்குள்ளிருந்து ஒரு பெண் பெட்டியை வெளியே இழுத்துத் தரையில் வைத்துத் திறந்தார். நான் பதறிப்போய் அருகில் போனேன்.

"மேசை இருக்கே சேச்சி, அதில் வைக்கலாமே?" என்றேன் மலையாளத்தில்.

அவர் நிமிர்ந்து பார்த்துத் தமிழிலேயே பதில் சொன்னார். "வெச்சா உள்ள என்ன இருக்குன்னே தெரியல்ல. எனக்க நெஞ்சு ஒயரம் வருது."

உயரம் குறைந்த பெண்மணி. எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அந்த உயரம்தான். அம்மாவும் அந்த உயரம். மேசைக்கு இடுப்புயரம் என்று நான் குறித்தது புத்தகத்தில் உள்ள இடுப்பு. அதன் மேல் பெட்டியின் உயரமும் ஏறும் என்பதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, யாருடைய இடுப்பு என்றும் பார்க்கவில்லை. சபைக் கூடத்தில் பெஞ்சுகளை அடுக்கி வைத்தபோது அது தாழ்வாகத்தான் இருந்தது, அதனால் அன்றைக்கு அது தெரியவும் இல்லை.

அவர் பெட்டியை அடுக்கி முடிக்கும்வரை நான் மறைப்பு மாதிரி பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கப் பூட்டு மாட்டவில்லை, முழங்காலால் அழுத்திக்கொடுத்தேன். மகளைப் பார்க்க முதல் தடவையாக மஸ்கட் போகிறாராம். பேறுகாலத்துக்கு. போகும்போது, "சொகமா இரி" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அங்கிருந்தே சாருக்குப் போன் செய்தேன்.

"மேசைக் காலை வெட்டணும் சார்."

"வேலை முடிஞ்சு பில்லும் போயாச்சு" என்றார். "இனி அவங்க கட்டிடம். நாம கை வைக்க முடியாது."

"மேடத்துகிட்ட நான் கேட்டுக்கிறேன்."

"எல்லா மேசையுமா?" என்றார்.

"பாதி. உயரமானவங்களுக்குப் பாதி அப்படியே இருக்கட்டும்."

மேடம் உடனே சரி சொல்லவில்லை. முதலில் புகைப்படம் கேட்டார், பிறகு அளவு கேட்டார், பிறகு பராமரிப்புப் பிரிவுக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் வராதபோது மறுபடி எழுதினேன், அதற்கும் வராதபோது நேரில் போய் உட்கார்ந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரத்தில், வெட்டும் இயந்திரத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். பாதி மேசைகளைக் கவிழ்த்துப் போட்டோம். எவ்வளவு எடுக்கவேண்டும் என்று கேட்டார்கள். அன்றைக்கு அம்மாவை ஊரிலிருந்து பஸ்ஸில் வரச்சொல்லியிருந்தேன். அவள் காலிப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி, என்ன ஏது என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுவரோரம் நேராக நிற்கச் சொல்லி, இடுப்பில் நாடாவை வைத்து அளந்து, பெட்டியின் உயரத்தை அதில் கழித்து, அவர்களிடம் அளவைச் சொன்னேன்.